விரல் மரத்துப்போவது மருந்து வேலை செய்வதன் அறிகுறியா?

கேள்வி: எனக்கு 41 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. தசை கூடும், தொப்பை குறையும் என்று சொன்னதால் ஆன்லைனில் சிஜேசி-1295 என்ற பெப்டைடு வாங்கி, ஆறு வாரமாக வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி போட்டுக்கொள்கிறேன். எடை 2 கிலோ கூடியிருக்கிறது. மோதிரம் இறுகுகிறது, காலையில் விரல்கள் மரத்துப்போகின்றன. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். ஆனால் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகக் குறைவாக வந்தது. நான் வாங்கியது போலியா? எதை வைத்துக் கண்காணிப்பது?

பதில்: முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நம்பி நீங்கள் டோஸைக் கூட்டிவிடக் கூடாது.

சிஜேசி-1295 வளர்ச்சி ஹார்மோன் அல்ல; மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி அதை விடச் செய்யும் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு. பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனை ஒரே சீராக விடுவதில்லை. விட்டு விட்டுத்தான் வரும். பெரிய அலை, இரவில் ஆழ்ந்த தூக்கம் பிடித்த கொஞ்ச நேரத்தில். நடுவில் நல்ல ஆரோக்கியமானவருக்கே அளவு கிட்டத்தட்ட பூஜ்யத்தில் கிடக்கும். ஆகவே பகலில் ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து மருந்து அசலா போலியா என்று சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியது ஐஜிஎஃப்-1 என்ற, இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி. வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் பெரும்பாலும் கல்லீரல் இதைச் செய்கிறது. நாள் முழுக்க அளவு அதிகம் மாறாது. ரிப்போர்ட்டை உங்கள் வயதுக்குரிய வரம்போடுதான் ஒப்பிட வேண்டும். பட்டினி கிடந்தாலோ கல்லீரல் கெட்டிருந்தாலோ இது குறையும். சிக்கல் என்னவென்றால், ஊசி தொடங்கும் முன் உங்கள் அளவு என்ன என்பது யாருக்கும் தெரியாது. இப்போது ஒருமுறை எடுங்கள், ஊசியை நிறுத்துங்கள், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். நன்றாக இறங்கியிருந்தால் குப்பிக்குள் ஏதோ வேலை செய்யும் சரக்கு இருந்திருக்கிறது. தொடர்ந்து போட்டுக்கொண்டே கண்காணிக்கும் வழியைக் கேட்டீர்கள். அதற்கு நான் துணை போக மாட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். விரல் மரத்துப்போவதை நற்செய்தியாகச் சொன்னவர் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. வளர்ச்சி ஹார்மோன் அதிகமானால் உடல் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். மணிக்கட்டின் குறுகலான பாதையில் நரம்பு நசுங்கும். விரல் மரத்துப்போவதும் மோதிரம் இறுகுவதும் அதனால்தான் இருக்க வேண்டும். அந்த 2 கிலோவில் எவ்வளவு தசை, எவ்வளவு தண்ணீர்? உடலின் கொழுப்பையும் தசையையும் அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் நீரைக் கொழுப்பில்லாத எடையில் சேர்த்துத்தான் காட்டும். பளு தூக்கும் திறன் கூடியதா என்று பாருங்கள், அது கொஞ்சம் நேர்மையான அளவுகோல். தூக்கம் நன்றாக இருந்தது, தோல் பளபளத்தது என்றெல்லாம் டைரி எழுதுவதில் பயனில்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதெல்லாம் அப்படித்தான் தோன்றும்.

அப்புறம் சர்க்கரை. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். வெறும் வயிற்று சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் எடுங்கள். எச்பிஏ1சி சுமார் மூன்று மாத சராசரி என்பதால், ஆறு வாரத்தில் நடந்ததை அது முழுதாகக் காட்டாது; வெறும் வயிற்று அளவு முந்திக்கொள்ளும்.

இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. பிட்யூட்டரியைத் தூண்ட மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதி இயற்கையாகவே சுரக்கும் மூல ஹார்மோனை 1982-ல் கண்டுபிடித்தார்கள். சிஜேசி-1295 அதைப் பார்த்துச் செய்ததுதான். அதில் 44 அமினோ அமிலங்கள். முதல் 29 இருந்தாலே வேலை நடக்கும். அந்த 29-ஐக் கொண்ட செர்மோரெலின், வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பயன்பட்டது. டெசாமோரெலினுக்கு 2010-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, எச்ஐவி உள்ளவர்களுக்கு வயிற்றில் சேரும் கொழுப்பைக் குறைக்க மட்டும். நிறுத்தினால் அந்தக் கொழுப்பு திரும்பிவிடுகிறது. சிஜேசி-1295 எந்த நோய்க்கும் அனுமதி பெற்ற மருந்து அல்ல.

இன்னொரு குழப்பம்: இதே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கிறார்கள். ஒன்று ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, பாதியாகக் குறையவே ஆறு முதல் எட்டு நாள் எடுக்கும். மற்றது அரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டாவதன் கணக்கில் முதலாவதைத் தினமும் போட்டால் உடலில் சேர்ந்துகொண்டே போகும். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒட்டிய குப்பியில் எது இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 99 சதவீதம் தூய்மை என்ற சான்றிதழ் வேதிப்பொருளைப் பற்றியது. கிருமி இல்லை, கிருமி நச்சு இல்லை என்று அது சொல்லவில்லை.

உங்களுக்கு முன்பு புற்றுநோயோ பிட்யூட்டரி கட்டியோ இருந்திருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், ஐஜிஎஃப்-1 செல் வளர்ச்சியைத் தூண்டக்கூடியது. போட்டிகளில் கலந்துகொள்பவர் என்றால், உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் இது இருக்கிறது.

நிறுத்திய சில வாரங்களில் வீக்கமும் மரத்துப்போவதும் குறைய வேண்டும். குறையாவிட்டால் நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவைப்படும். ஊசி போட்ட இடம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, தாங்க முடியாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். குப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.