நைஜீரியாவா, கென்யாவா: நிதி வளர்ச்சியை எதை வைத்து அளப்பது?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக 2000 முதல் நைஜீரியா, கென்யா இரண்டின் நிதித்துறை வளர்ச்சியை ஒப்பிடுகிறேன். தனியார் துறைக் கடன் ஜிடிபியில் எத்தனை சதவீதம் என்று வரைபடம் போட்டால், நைஜீரியா 2009 வாக்கில் சட்டென்று ஏறி, பிறகு விழுகிறது. இந்த ஒரு அளவுகோல் போதுமா?

பதில்: போதாது. முதலில், அந்த ஏற்றத்தை வளர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள். 2004-இல் நைஜீரிய மத்திய வங்கி ஆளுநர் சார்லஸ் சொலுடோ, வங்கிகளின் குறைந்தபட்ச மூலதனத்தை 200 கோடி நைராவிலிருந்து 2,500 கோடியாக உயர்த்தினார். 2005 முடிவதற்குள் 89 வங்கிகள் 25 ஆகச் சுருங்கின. கையில் பணம் குவிந்த வங்கிகள், பங்கு வாங்குவதற்கே கடனை வாரி வழங்கின. வங்கிப் பங்குகளை வாங்கவும்தான். 2008-இல் சந்தை சரிந்ததும் சாயம் வெளுத்தது. 2009 ஆகஸ்டில் புதிய ஆளுநர் சனுசி ஐந்து வங்கிகளின் தலைமை அதிகாரிகளை நீக்கினார். வாராக்கடன்களை வாங்கிக்கொள்ள 2010-இல் அம்கான் என்ற அரசு நிறுவனம் வந்தது. கடன் விகிதத்துக்குப் பக்கத்திலேயே வாராக்கடன் விகிதத்தையும் வரையுங்கள், கதை தானாகத் தெரியும்.

அப்புறம் வகுக்கும் எண்ணை, அதாவது ஜிடிபியைப் பாருங்கள். 2014-இல் நைஜீரியா ஜிடிபியின் அடிப்படை ஆண்டை (கணக்கீட்டுக்கு அளவுகோலாக வைக்கும் ஆண்டை) 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியது. 2013-க்கான ஜிடிபி ஒரே நாளில் 89 சதவீதம் பெருத்தது. கடனில் ஒரு நைராகூடக் குறையவில்லை, விகிதம் மட்டும் ஏறக்குறைய பாதியானது! கென்யாவும் அதே ஆண்டு இப்படித் திருத்தியது. அங்கே உயர்வு சுமார் 25 சதவீதம்தான். ஆகவே பழைய கட்டுரைகளில் உள்ள எண்களைப் புதிய தொடரோடு ஒட்டவே கூடாது.

கென்யாவின் உண்மையான பாய்ச்சல் கடனில் இல்லை, மக்களைச் சென்றடைந்ததில் இருக்கிறது. 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை வந்தது. ஆனால் சர்வதேச நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) நிதி வளர்ச்சிக் குறியீடு இந்த அம்சத்தை வங்கிக் கிளைகள், ஏடிஎம்களை எண்ணித்தான் அளக்கிறது. எம்-பெசா அதன் கண்ணிலேயே படாது. யார் யாரிடம் வங்கி அல்லது மொபைல் பணக் கணக்கு இருக்கிறது என்று கேட்கும் உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் கணக்கு வைத்திருந்த பெரியவர்கள் கென்யாவில் 79 சதவீதம், நைஜீரியாவில் 45. 2014-இலேயே அவை 75, 44. (2011-ஐத் தொடக்கமாக எடுக்காதீர்கள், அப்போதைய வரையறையில் மொபைல் பணம் சேரவில்லை.) நைஜீரியா பின்தங்கியதற்கு முக்கியக் காரணம் ஒழுங்குமுறை: மொபைல் பணச் சேவையைத் தொலைபேசி நிறுவனங்கள் நடத்தக் கூடாது என்று மத்திய வங்கி நின்றது. தொலைபேசி நிறுவனங்களின் துணை நிறுவனங்களுக்கு 2018-இல்தான் கதவு திறந்தது.

கென்யாவையும் ரொம்ப மெச்ச வேண்டாம். 2016-இல் வட்டிக்கு உச்சவரம்பு போட்டார்கள். வங்கிகள் சிறு தொழில்களைக் கைவிட்டு அரசுப் பத்திரங்களுக்குத் தாவின. 2019 நவம்பரில் அதை நீக்க வேண்டியதாயிற்று.

இரண்டே நாடு, இருபது சொச்சம் ஆண்டு. இதை வைத்துப் பெரிய ரெக்ரஷன் (எது எதைப் பாதிக்கிறது என்று அளக்கும் புள்ளியியல் கணக்கு) ஓட்டினால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். கடன், கணக்கு, வாராக்கடன் என்று மூன்று படங்கள் போடுங்கள். நைஜீரியாவுக்கு 2005, 2009, 2014, கென்யாவுக்கு 2007, 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் செங்குத்துக் கோடு இழுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னும் பின்னும் என்ன மாறியது என்று எழுதுங்கள்.