காற்றாலைக்கு நிலம் கேட்கிறார்களா? கேள்வி பதில்

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் மானாவாரிப் புஞ்சை 4 ஏக்கரைக் கேட்கிறார்கள். தரகர் ‘பவர் மட்டும் எழுதிக் கொடுங்க போதும்’ என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பவர் என்கிற பொது அதிகாரப் பத்திரத்தில் விற்கும் உரிமையையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள், அப்புறம் அவர் யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார் என்பதே உங்களுக்குத் தெரியாது. விற்பதென்றால் வாங்குகிறவர் பெயருக்கே கிரயம், குத்தகை என்றால் பதிவு செய்த குத்தகை. கோபுரம் நிற்பதற்கு வேண்டிய இடம் கொஞ்சம்தான், கிரேனும் இறக்கையும் வருகிற பாதைதான் நிலத்தைத் தின்னும். எந்த சர்வே எண்ணில் எத்தனை சென்ட், பாதை எந்தப் பக்கம், ஓடையை மறிக்கமாட்டோம் என்பதையெல்லாம் வரைபடத்தோடு பத்திரத்தில் ஏற்றுங்கள். ஓடையில் சரள் கொட்டிப் பாதை போட்டதால் கீழே இருந்த குளத்துக்குத் தண்ணீர் வராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மழை இல்லாததற்குக் காத்தாடிதானே காரணம்? (மூன்று பேர் கேட்டது)

இல்லை. நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது, அப்போது காற்றாலைகள் பெரும்பாலும் சும்மா நிற்கும். அவை முழுவீச்சில் சுற்றுவது வைகாசி முதல் புரட்டாசி வரை.

கேள்வி: ஆடியில் மேகம் கலைந்து ஓடுவதைக் கண்ணால் பார்க்கிறோமே!

நானும் பார்க்கிறேன். தென்மேற்குக் காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்டு இறங்குகிறது. காற்றாலை வருவதற்கு முன்பும் ஆடியில் நமக்குப் பெரிய மழை கிடையாது. இறக்கை சுற்றுவதால் ராத்திரியில் தரையோர வெப்பம் லேசாக மாறுவதை வெளிநாட்டில் அளந்திருக்கிறார்கள், அது உண்மை. அதற்காக மேகத்தை விரட்டுகிறது என்று சொல்லமுடியாது. நம் ஓடையையும் குளத்தையும் மறிப்பவர்களை விட்டுவிட்டு இறக்கையோடு சண்டை போடுகிறோமே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

கேள்வி: மழை குறைந்தது ஏன்?

காற்றாலையால் இல்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அந்தக் கரண்ட் எங்கள் ஊருக்கு வருமா?

தனியாக வராது, பொது மின்தொகுப்புக்குத்தான் போகும். பல காற்றாலைகள் வெளியூர் நூற்பாலைகளுக்குச் சொந்தம், இங்கே உற்பத்தியானது அவர்கள் பில்லில் கழியும்.

கேள்வி: காற்றாலைப் பங்கு வாங்கலாமா?

எனக்குத் தெரியாத துறை.

கேள்வி: போன மாதமே பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன்…

நாளைக்கே வில்லங்கச் சான்றிதழ் போட்டு, நிலம் கைமாறியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் கிரயம் ஆகவில்லை என்றால் ரத்துப் பத்திரம் பதியப் பாருங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் ரத்து செய்வது சிக்கல், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பத்திர நகலைக் காட்டுங்கள்.