தடுப்பூசி போட்டும் ஆடுகள் சீக்காகின்றன: வயலில் அடிக்கும் மருந்து காரணமா?

கேள்வி: ஆடுகளுக்குத் தடுப்பூசி தவறாமல் போடுகிறோம். ஆனாலும் ஒரு வருடமாகச் சளி, கழிச்சல் என்று மாற்றி மாற்றி வருகிறது. பக்கத்து வயலில் அடிக்கடி பூச்சிமருந்து அடிக்கிறார்கள். அந்த வரப்புப் புல்லைத்தான் ஆடுகள் மேய்கின்றன. அதனால் எதிர்ப்புசக்தி குறையுமா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: குறையலாம். ஆனால் மருந்தின் மேல் பழிபோடும் முன் இரண்டைப் பாருங்கள்: கடைசியாகக் குடற்புழு நீக்கம் செய்தது எப்போது, தடுப்பூசி மருந்து குளிர்ச்சி கெடாமல் வந்து சேர்ந்ததா. 'ஊசி பலிக்கவில்லை' என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, அவை இரண்டும் ஒழுங்கு என்று வைத்துக்கொள்வோம். பூச்சிமருந்து பாதிப்பு என்றதும் வாயில் நுரை தள்ளி விழுவதுதான் நினைவுக்கு வரும். அதற்கு வெகு கீழான அளவிலேயே, ஆடு சாதாரணமாக அசைபோட்டுக்கொண்டிருக்கும்போதே, உள்ளே வேறொன்று நடக்கலாம். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள், அசிடைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. அந்தச் செய்தி நரம்புக்கு மட்டுமானதல்ல; நோயோடு போராடும் வெள்ளையணுக்களும் அதைக் கேட்கின்றன. ஆய்வக விலங்குகளுக்கு இத்தகைய மருந்துகளைச் சிறிய அளவில் தொடர்ந்து கொடுத்தபோது, வெள்ளையணுக்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பியும் மண்ணீரலும் சுருங்குவதும், தடுப்பூசிக்கு உருவாகும் எதிர்ப்புப்பொருள் குறைவதும் பதிவாகியுள்ளன.

தேனீக்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், குளோத்தியானிடின் என்ற வேறு வகைப் பூச்சிமருந்து, சாகடிக்காத அளவிலேயே தேனீயின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கியது. உடலில் ஏற்கெனவே அடங்கிக் கிடந்த சிறகு உருக்குலைக்கும் வைரஸ் பெருகத் தொடங்கியது. ஆடு தேனீ அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டின் தொண்டையில் சளிக்காய்ச்சல் தரும் பாஸ்சுரெல்லா பாக்டீரியாவும், குடலில் கழிச்சல் தரும் காக்சிடியா ஒட்டுண்ணியும் சும்மா தங்கியிருப்பது சகஜம். எதிர்ப்பு தளரும்போது முதலில் கிளம்புவது இவைதான். நீங்கள் சொல்லும் சளியும் கழிச்சலும் அதனால்தான் என்னை யோசிக்க வைக்கின்றன.

பரிசோதனை உண்டு, ஆனால் அரைகுறைதான். இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (மேலே சொன்ன, மருந்து முடக்கும் நொதி) எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தால் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைகள் அண்மையில் உடலில் சேர்ந்ததா என்று தெரியும். பைரித்ராய்டு என்ற இன்னொரு வகைப் பூச்சிமருந்து சேர்ந்திருந்தால் அதில் தெரியாது. எதிர்ப்புசக்தியைப் பற்றியும் அது எதுவும் சொல்லாது. அதற்குத் தடுப்பூசி போட்டு மூன்று, நான்கு வாரம் கழித்து எதிர்ப்புப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் வரப்பு மேய்ச்சலை நிறுத்திவிடுங்கள். என்ன மருந்து, எந்தத் தேதியில் அடிக்கிறார்கள் என்று பக்கத்து வயல்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மேய்ச்சலுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கிறதா எனப் பாருங்கள். அப்புறம், உண்ணிக்கு நீங்களே ஆட்டின் மேல் தெளிப்பதும் பூச்சிமருந்துதான்! அதையும் கணக்கில் சேருங்கள். தடுப்பூசி போடும் வாரத்தில் அதைத் தள்ளிவைப்பது என் வழக்கம்.

எச்சில் ஒழுகி, உடல் நடுங்கி, மூச்சு திணறினால் அது எதிர்ப்புசக்தி விவகாரமே இல்லை, நேரடி நஞ்சு. அட்ரோபின் ஊசி உடனே தேவைப்படும். மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.