‘கனெக்டிங்’ என்றே நிற்கிறதா? வி.பி.என். கோளாறுகள்: கேள்வி பதில்

உங்கள் கணினிக்கும் தொலைவில் உள்ள சர்வருக்கும் இடையே மறைகுறியிட்ட தனிப்பாதை (டனல்) போடுவதுதான் வி.பி.என். அந்த இணைப்பு ஒரே மூச்சில் நடந்துவிடுவதில்லை. சர்வரின் பெயர் ஐபி முகவரியாக மாற வேண்டும். பாக்கெட் (தரவுத் துண்டு) சர்வர் வரை போய்ச் சேர வேண்டும். இரு பக்கமும் கீகளைச் சரிபார்த்துக்கொள்ளும் ஹேண்ட்ஷேக் முடிந்து, உங்களை யார் என்று சர்வர் ஏற்க வேண்டும். அதன் பிறகுதான் ரூட்டும் (தரவு போகும் வழி) டிஎன்எஸ்ஸும் (பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) மாறும். எந்தப் படியில் நின்றது என்பதை லாக் (நடந்ததைப் பதிவு செய்யும் கோப்பு) சொல்லும். திரையில் வரும் ‘கனெக்‌ஷன் ஃபெயில்டு’ சொல்லாது. அதனால் கேட்கும்போது லாக்கின் கடைசி இருபது வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். கீ, பாஸ்வேர்டு, பொது ஐபி மூன்றையும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: ஓப்பன்விபிஎன்னில் ‘60 விநாடிக்குள் டிஎல்எஸ் கீ நெகோஷியேஷன் நடக்கவில்லை’ என்று வருகிறது. நேற்று வரை வேலை செய்தது. இரண்டு முறை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தும் பலனில்லை சார்.

பதில்: டிஎல்எஸ் என்பது சர்டிபிகேட் வைத்து இணைப்பைப் பாதுகாக்கும் முறை. செய்தியில் அந்தப் பெயர் இருப்பதால் சர்டிபிகேட்டைச் சந்தேகிக்கிறோம். ஆனால் அந்த வரிக்கு நேரான பொருள், ‘60 விநாடி கூப்பிட்டேன், பதில் வரவில்லை’ என்பதுதான். கிளையன்ட்டை மறுபடி இன்ஸ்டால் செய்வது இதற்கு மருந்தே அல்ல.

முதலில் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள். அங்கே இணைந்தால், உங்கள் வழக்கமான நெட்வொர்க் ஓப்பன்விபிஎன்னின் யுடிபி (சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட் அனுப்பும் முறை) போர்ட் 1194-ஐ மறிக்கிறது. அங்கேயும் இணையாவிட்டால் சர்வர் பக்கம் போங்கள். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு, 1194 போர்ட்டுக்கு ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். எதுவுமே வரவில்லை என்றால் ஐபி மாறியிருக்கும், அல்லது வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் திருப்பும் ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் தவறான இடத்தைக் காட்டும். முகவரிகளைத் தானே பங்கிடும் டிஹெச்சிபி, சர்வருக்குப் புதிதாக வேறு உள் முகவரி கொடுத்துவிட்டால், ஃபார்வர்டிங் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ‘நேற்று வரை ஓடியது’ என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாக்கெட் வருகிறது, சர்வர் பதில் அனுப்பவில்லை என்றால் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய டிஎல்எஸ்-ஆத் அல்லது டிஎல்எஸ்-கிரிப்ட் கீ பொருந்தவில்லையா என்று சோதியுங்கள். கீ தவறென்றால் சர்வர் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். அப்போதும் கிளையன்ட்டில் இதே 60 விநாடி வரிதான் வரும். சர்வர் லாக்கில் மட்டும் ‘பாக்கெட் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்று பதிவாகும்.

டெல்நெட்டில் 1194-ஐத் தட்டிப் பார்த்து ‘போர்ட் மூடியிருக்கிறது’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். டெல்நெட் பேசுவது டிசிபி (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் முறை), உங்கள் சர்வர் கேட்பது யுடிபி.

கேள்வி: அப்படியானால் டிசிபி 443-க்கே மாறிவிடலாமா?

பதில்: யுடிபி முழுதாக அடைபட்ட இடத்தில் மட்டும். டிசிபிக்குள் டிசிபி ஓடும்போது ஒரு பாக்கெட் தொலைந்தாலும் இரண்டு அடுக்கும் தனித்தனியே மறுபடி அனுப்பத் தொடங்கும். லைன் கொஞ்சம் மோசமானால் வேகம் சரிந்துவிடும்.

கேள்வி: வயர்கார்டில் ‘ஆக்டிவ்’ என்று பச்சையாகக் காட்டுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகிறது.

பதில்: அந்தப் பச்சையை நம்பாதீர்கள். உங்கள் கணினிக்குள் வி.பி.என்.-க்கான இன்டர்ஃபேஸ் எழும்பிவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியவை ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ வரியும், அனுப்பிய, பெற்ற பைட் கணக்கும்.

பெற்றது 0 என்று நின்று, அனுப்பியது 148, 296, 444 என்று சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை ஏறினால், ஹேண்ட்ஷேக்கே நடக்கவில்லை. ஹேண்ட்ஷேக்கின் முதல் செய்தி சரியாக 148 பைட். அதையேதான் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. தவறான கீயோடு வருபவருக்கு வயர்கார்டு சர்வர் பதிலே சொல்லாது; அதன் வடிவமைப்பே அப்படி. அதனால் வயர்கார்டின் வழக்கமான போர்ட் 51820 அடைபட்டதா, கீ தவறா என்று கிளையன்ட் பக்கத்திலிருந்து பிரித்தறிய முடியாது. கிளையன்ட்டின் பியர் (எதிர்முனை) பகுதியில் சர்வரின் பப்ளிக் கீயும், சர்வரின் பியர் பகுதியில் கிளையன்ட்டின் பப்ளிக் கீயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றி ஒட்டுவதுதான் இதில் சகஜமான பிழை.

சர்வர் ரீஸ்டார்ட்டில் சரியாகிறது என்று சொன்னது நல்ல துப்பு. கிளையன்ட்டின் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் ஒரு நேரமுத்திரை போகிறது. கடைசியாகப் பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால், பழைய செய்தியை யாரோ திரும்ப அனுப்புகிறார்கள் என்று சர்வர் ஒதுக்கிவிடும். கடிகார பேட்டரி இல்லாத சிறு போர்டுகளில் மின்சாரம் போய் வந்ததும் நேரம் பின்னுக்குப் போகும். சர்வர் இன்டர்ஃபேஸை ரீஸ்டார்ட் செய்தால் அந்த நினைவு அழிந்துவிடுவதால் இணைகிறது. வி.பி.என். எழும்பும் முன்பே இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி வழியாக நேரம் சரியாகும்படி வரிசையை மாற்றுங்கள்.

ஹேண்ட்ஷேக் நடந்தும் தளம் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (பாக்கெட்டை வெளியே கடத்துவது), மாஸ்கரேடு (அதைச் சர்வரின் முகவரியிலேயே அனுப்புவது) இரண்டும் இருக்கின்றனவா? இரண்டு பியர்களுக்கு ஒரே ‘அலோட் ஐபி’ (டனலுக்குள் அவருக்கான முகவரி) கொடுத்திருந்தால் கடைசியாகச் சேர்த்தவருக்கு மட்டும்தான் அது சேரும்.

கேள்வி: இணைகிறது, பிங் போகிறது. ஆனால் சில தளங்கள் பாதியில் தொங்குகின்றன. எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவுக் கணினிக்குக் கட்டளை தரும் முறை) லாகின் ஆகிவிட்டு, நீளமான பட்டியல் கேட்டவுடன் உறைந்துவிடுகிறது.

பதில்: அந்த எஸ்எஸ்ஹெச் அடையாளம் ஒன்றே போதும், இது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு பற்றிய கோளாறு. சிறிய பாக்கெட் போகிறது, பெரியது வழியில் சிக்குகிறது. ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு’ என்று திரும்பி வர வேண்டிய ஐசிஎம்பி செய்தியை நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்குகிறது.

உறுதி செய்துகொள்ள, டனலின் எம்டியுவை 1280 என்று வையுங்கள். கோளாறு மறைந்தால் காரணம் இதுதான். 1280-க்குக் கீழே போகாதீர்கள், ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-க்கு அதுதான் குறைந்தபட்சம்.

பிறகு சரியான எண்ணைக் கண்டுபிடியுங்கள். வி.பி.என்.-ஐ நிறுத்திவிட்டு, துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு சர்வருக்கு 1472 பைட் பிங் அனுப்புங்கள். போகவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறைத்து, எது போகிறதோ அதோடு 28 கூட்டுங்கள். அதுதான் பாதையின் எம்டியு. அதிலிருந்து வயர்கார்டுக்கு ஐபிவி4 பாதையில் 60, ஐபிவி6 பாதையில் 80 கழியுங்கள். வழக்கமான 1420 என்பதே 1500-இல் 80 போக வந்த எண்தான். யூசர்நேம் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகை பிராட்பேண்ட் லைனில் பாதை 1492 மட்டுமே. ஐபிவி4 வழியே போனால் 1420-உம் 60-உம் சேர்ந்து 1480, அடங்கிவிடும். அதே லைனில் சர்வரை ஐபிவி6 வழியே தொட்டால் 1500 ஆகிவிடும், அடங்காது. ஒரே வீட்டில் ஒரு நாள் ஓடி மறுநாள் ஓடாமல் போவதற்கு இப்படியும் காரணம் இருக்கலாம். அங்கே 1412 வையுங்கள்.

ஓப்பன்விபிஎன் என்றால் பாக்கெட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்எஸ்ஃபிக்ஸ் மதிப்பை 1300 அளவுக்கு இறக்கிப் பாருங்கள். அது டிசிபிக்கு மட்டுமே உதவும்.

கேள்வி: ஆபீஸ் வி.பி.என். இணைந்த பிறகும் 192.168.1.10-இல் இருக்கும் ஃபைல் சர்வர் வீட்டிலிருந்து கிடைக்கவில்லை. ஹாட்ஸ்பாட்டில் கிடைக்கிறது.

பதில்: உங்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1-தான் கொடுக்கிறது, இல்லையா? அந்த முகவரி பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து, கணினி அதை டனலுக்குள் அனுப்பாமல் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. வீட்டு ரவுட்டரை 192.168.87.1 போல எதற்காவது மாற்றிவிடுங்கள். உடனடி வேலைக்கு, அந்த ஒரே முகவரிக்கு /32 ரூட் ஒன்றை டனல் வழியாகச் சேர்த்தால் போதும். ஆபீஸ் நெட்வொர்க்கைப் புதிதாக அமைப்பவர்கள் 192.168.0, 192.168.1 இரண்டையும் தயவுசெய்து தொடாதீர்கள், 10.73.40.0/24 மாதிரி யாரும் எடுக்காததை எடுங்கள்.

கேள்வி: விண்டோஸின் எல்2டிபி வகை வி.பி.என்.-இல் 809, 789, 691 என்று பிழை எண்கள் மாறி மாறி வருகின்றன.

பதில்: 809 என்றால் சர்வரை எட்டவில்லை. யுடிபி 500, 4500 திறந்திருக்கின்றனவா பாருங்கள். சர்வர் நேட்டுக்கு (பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருந்தால், ரெஜிஸ்ட்ரியில் பாலிசிஏஜென்ட் கீழே ‘அஸ்யூம் யுடிபி என்கேப்சுலேஷன் கான்டெக்ஸ்ட் ஆன் செண்டு ரூல்’ என்பதை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக 32 பிட் டிவேர்டாகச் சேர்த்து, மதிப்பு 2 கொடுத்து, ரீபூட் செய்யுங்கள். 789 வந்தால் பெரும்பாலும் ப்ரீ-ஷேர்டு கீ (இரு பக்கமும் முன்பே பகிர்ந்த கீ) தவறு. 691 என்றால் நீங்கள் வாசல் வரை போய்விட்டீர்கள்: யூசர்நேம், பாஸ்வேர்டு, அல்லது பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையான எம்எஸ்-சேப் வி2-ஐ டிக் செய்யாதது.

கேள்வி: இன்று காலை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் ஓப்பன்விபிஎன் நின்றுவிட்டது. சர்டிபிகேட்டுகள் அடுத்த ஆண்டு வரை செல்லும். யாரும் எதையும் தொடவில்லை.

பதில்: யாரும் தொடாததுதான் காரணம். ரத்து செய்த சர்டிபிகேட்டுகளின் பட்டியலான சிஆர்எல்லுக்கும் காலாவதி உண்டு. சர்டிபிகேட் உருவாக்கும் கருவியான ஈஸி-ஆர்எஸ்ஏ 3 வழக்கமாக 180 நாள் வைக்கும். அது முடிந்தால் நல்ல சர்டிபிகேட்டுகளையும் சர்வர் மறுக்கும். சர்வர் லாக்கில் ‘சிஆர்எல் ஹேஸ் எக்ஸ்பயர்டு’ இருக்கிறதா பாருங்கள். ஈஸி-ஆர்எஸ்ஏவின் ஜென்-சிஆர்எல் கட்டளையை ஓட்டி, புதிய கோப்பைப் பழையதன் இடத்தில் வையுங்கள். ஓப்பன்விபிஎன் எந்தப் பயனராக ஓடுகிறதோ அவருக்குப் படிக்கும் அனுமதி இருக்க வேண்டும். அடுத்த இணைப்பு வரும்போது சர்வர் அதைத் தானே படித்துக்கொள்ளும். 150 நாளுக்கு ஒருமுறை இது ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் கிரானில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, பொது வைஃபையில் மட்டும் வி.பி.என். ஏறவே மாட்டேன் என்கிறது.

பதில்: அங்கே லாகின் பக்கம் ஒன்று காத்திருக்கும். வி.பி.என். இல்லாதபோது இணையத்தையே நிறுத்தும் கில் ஸ்விட்ச் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையே மறித்துவிடும். அதைச் சற்று நேரம் அணைத்து, பிரவுசரில் வெறும் ஹெச்டிடிபி தளம் ஒன்றைத் திறந்து லாகின் ஆகுங்கள். அது முடிந்ததும் கில் ஸ்விட்ச்சைத் திரும்பப் போட்டுவிட்டு இணையுங்கள்.