ரீச்சரிட்டக் கேளுங்கோ: எங்களுக்கு எப்பிடிப்பட்ட போதகர் வேணும்?

கேள்வி: ரீச்சர், நாங்கள் மெதடிஸ்த சபை. எங்கட போதகர் மாறிப் போறார், புதுசா ஒருவர் வரப்போறார். சபைக் கூட்டத்தில கதை வந்த நேரம், மற்றச் சபையளோடயும் கோயில், பள்ளிவாசலோடயும் சேர்ந்து நடக்கிறவர் வந்தா நல்லம் எண்டு நான் சொன்னன். உடன ரெண்டு மூண்டு பேர், அப்பிடிப்பட்டவை வந்தா விசுவாசம் தண்ணியாப் போயிடும், எல்லாம் ஒண்டுதான் எண்டு பிரசங்கம் வைப்பினம் எண்டு பாய்ஞ்சிட்டினம். அப்பிடி ஒருவரை எப்பிடி அடையாளம் காணுறது?
வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை வாசிக்க எனக்கு எங்கட அம்மாட செத்தவீடுதான் நினைவு வந்தது. அம்மா பிறந்தது கத்தோலிக்கம், அப்பா மெதடிஸ்த், கலியாணத்துக்குப் பிறகு அம்மா எங்கட சேர்ச்சுக்குத்தான் வந்தவ, ஆனா செபமாலையை மட்டும் கடைசிவரைக்கும் விடேல்ல, தலகணிக்குக் கீழதான் கிடக்கும். அண்டைக்குப் பின்னேரம் மூண்டரைக்கு ஆராதனை, போதகர் மூண்டு மணிக்கே வந்திட்டார். உள்ள பெரியம்மாவும் பாலையூற்றில இருந்து வந்த பொம்பிளையளும் பெட்டியைச் சுத்தி இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருக்கினம், பத்துப் பத்தா அஞ்சு தரம் சொல்லுற செபத்தில மூண்டாவது பத்துத்தான் போகுது. தம்பி பதறிப்போய், அவையளைக் கெதியா முடிக்கச் சொல்லட்டோ எண்டு கேட்டான். போதகர் வேண்டாம் எண்டு கையைக் காட்டிட்டு, வெளியில வேப்பமரத்துக்குக் கீழ கிடந்த பிளாஸ்ரிக் கதிரையில பாட்டுப் புத்தகத்தை மடியில வச்சுக்கொண்டு இருந்தார். அஞ்சு பத்தும் முடிஞ்சு அவை எழும்பின பிறகுதான் உள்ள வந்தார்.

வந்து எல்லாரையும் சேர்த்துக் கர்த்தருடைய செபம் சொல்ல வச்சார். பெரியம்மா ஆக்கள் "பரலோகத்திலே" எண்டு தொடங்க, நாங்கள் "பரமண்டலங்களில்" எண்டு தொடங்க, கொஞ்சம் இழுபட்டு ஒரு மாதிரிச் சேர்ந்து போச்சு. கடைசியில "தீமையிலிருந்து இரட்சியும்" எண்ட இடத்தில அவை ஆமென் சொல்லி நிப்பாட்டுவினம், நாங்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" எண்டு மேல போவம். போதகர் அந்த இடத்தில அவையோட சேர்ந்து ஆமென் சொல்லி நிப்பாட்டினார், நாங்களும் நிண்டிட்டம். ஒரு வசனம்தான். ஆனா பெரியம்மா அண்டைக்கு அழுதது அந்த இடத்திலதான். பிறகு எங்கட முறைப்படிதான் ஆராதனை, உயிர்த்தெழுதலைப் பற்றி நல்ல அழுத்தமான பிரசங்கம், ஒண்டையும் அவர் குறைக்கேல்ல. விசுவாசம் தண்ணியாப் போகும் எண்டவையிட்ட இதைச் சொல்லுங்கோ. தன்ர சபையின்ர போதனை கைக்குள்ள இருக்கிறவருக்குத்தான் மற்றவையின்ர செபம் முடியுமட்டும் பயமில்லாமல் வெளியில இருக்க ஏலும்.

இதுக்கு நேரெதிரா நடந்ததும் பாத்திருக்கிறன். வேற ஒரு செத்தவீடு, பேரும் ஊரும் வேண்டாம், அந்தப் போதகர் படலையில நிண்டுகொண்டு, செபமாலைச் சத்தம் நிண்டாத்தான் நான் உள்ள வருவன் எண்டு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அந்தக் குடும்பத்தில பாதிப்பேர் இண்டைக்கும் சேர்ச் வாசலை மிதிக்கிறேல்ல.

மற்றவையோட சேர்ந்து நடக்கிறது வெளிநாட்டில இருந்து வந்த புதுப் பழக்கம் எண்டும் சில பேர் சொல்லுவினம், அது பிழை. 1948 இல ஆம்ஸ்ரர்டாமில உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கேக்க ஆரம்ப ஆராதனையில பிரசங்கம் செய்தவர்களில ஒருவர் எங்கட யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ், அப்ப அவருக்கு நாப்பது வயசு. 1968 இல சுவீடனில உப்சாலாவில நடந்த மன்றக் கூட்டத்தில பிரசங்கம் செய்ய மாட்டின் லூதர் கிங் வாறதாயிருந்து அவர் சுடப்பட்டுப் போக, அந்தப் பிரசங்கத்தையும் நைல்ஸ்தான் செய்தவர். கடைசிவரைக்கும் மெதடிஸ்தக்காரர், கடைசிவரைக்கும் சுவிசேஷம் சொன்னவர். சுவிசேஷம் சொல்லுறது எண்டா ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சாப்பாடு எங்க கிடைக்கும் எண்டு காட்டுற மாதிரி எண்டு அவர் சொன்னதை உலகம் முழுக்க இப்பவும் எடுத்துச் சொல்லுகினம். அந்த நினைப்பு உள்ள மனுசன் ஆரையும் மேல நிண்டு பாக்கமாட்டார். "எல்லாரும் ஒன்றாயிருக்கவும்" எண்டு யோவான் 17 இல இருக்கிறது இயேசுவே செய்த செபம், அதைப் பிரசங்கத்தில தாண்டிப் போக ஏலாது.

எங்கட திருகோணமலைக்கு வாறவருக்கு இன்னொண்டும் தெரிஞ்சிருக்க வேணும். கோட்டை வாசலில மீன் சின்னத்தோட ஒரு கல்வெட்டுக் கல்லு பதிச்சிருக்கு, கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் எண்ட மன்னன் செய்த திருப்பணியும், பறங்கி எண்டு போத்துக்கேயரைப் பற்றியும் அதில வருது. 1622 இல கோணேசர் கோயிலை இடிச்சவை போத்துக்கேயர், கிறிஸ்தவப் பேரோட வந்தவை, அந்தக் கோயில் கல்லுகளையே எடுத்துக் கோட்டை கட்டினவை. அந்த வாசலாலதான் இண்டைக்கும் பக்தர்கள் சுவாமி மலைக்கு ஏறிப் போகினம். புதுப் போதகர் வந்த முதல் மாசத்திலயே ஒருக்கா அந்த வழியால நடந்து போய்ப் பாத்திட்டு வரட்டும். நாங்கள் செய்யேல்ல, ஆனா எங்கட சிலுவையைக் காட்டித்தான் நடந்தது. அது தெரிஞ்சவர் ஒருநாளும் பிரசங்க மேடையில நிண்டு "விக்கிரகம்" எண்டு அயலட்டையை இளக்காரமாக் கதைக்கமாட்டார், இந்த ஊரில அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பாரம் எண்டு அவருக்கு விளங்கும்.

யூஜின் ஹீபேட் பாதரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பியள், அமெரிக்காவில லூசியானாவில இருந்து வந்த இயேசு சபைக் குரு, எங்கட ஊர் சென் ஜோசப்ஸ் பள்ளிக்கூடப் பெடியளுக்குக் கூடைப்பந்து பழக்கினவர். பந்து போடுற பெடியன் என்ன சமயம் எண்டு அவர் பாக்கேல்ல. 1990 ஓகஸ்ட் 15 மட்டக்களப்புக்குப் போற வழியில காணாமல் போனார், இண்டைக்கும் அவர் திரும்பி வரேல்ல. எங்கட வயசு ஆக்கள் அவரைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டா வீடு அமைதியாயிடும்.

அடையாளம் எண்டு கேட்டீங்கள். மேடையில மற்ற மதத் தலைவர்களோட கை கோத்துப் படம் எடுக்கிறதை வச்சு முடிவெடுக்காதேங்கோ, ஜனவரி 18 தொடங்கி 25 மட்டும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்துக்கு ஒருக்கா வந்து போறதும் காணாது. மற்றச் சபை ஆள் ஒருவரும் இல்லாத இடத்தில, சண்டே ஸ்கூல் பிள்ளையளிட்ட, அவையளைப் பற்றி என்ன சொல்லுறார் எண்டு கவனியுங்கோ. பக்கத்துப் பங்குப் பாதர்ர நம்பர் அவர்ர போனில இருக்குதோ, அவர் ஆஸ்பத்திரியில கிடந்தா இவர் போவாரோ எண்டு பாருங்கோ. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மட்டக்களப்பு சீயோன் சேர்ச்சில குழந்தையளும் செத்துப்போன அந்தக் கிழமை, முஸ்லிம் கடையளுக்குப் போகாதேங்கோ எண்டு வட்ஸ்அப்பில சுத்தின நேரம், எனக்குத் தெரிஞ்ச ஒரு குருவானவர் வழமையா பாண் வாங்குற முஸ்லிம் அண்ணேட கடைக்கே, அங்கியோடயே, எல்லாரும் பாக்க நடந்து போய் பாண் வாங்கிக்கொண்டு வந்தார். புதுசா வாறவரிட்ட, அந்தக் கிழமை நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டா, நல்ல பதில் கிடைக்கும்.

இன்னொண்டு, ஏலாததை ஏலாது எண்டு சொல்லுறவராவும் இருக்க வேணும். அப்பமும் இரசமும் பகிர்ற எங்கட திருவிருந்துக்கு மற்றச் சபை ஆக்களை நாங்கள் வரவேற்கிறம், அதைக் கத்தோலிக்கர் நற்கருணை எண்டு சொல்லுவினம், அங்க அவைக்கு வேற சட்டம். அதை மூடி மறைச்சு எல்லாம் சரி எண்டு சொல்லி அனுப்பிப் பிறகு பீடத்துக்கு முன்னால ஒரு பிள்ளை வெறுங்கையோட திரும்பி வாறதுதான் கொடுமை.

கேள்வி: என்ர மகன் கத்தோலிக்கன். அவன் கட்டப்போற பிள்ளை அங்கிலிக்கன். அந்தப் பிள்ளை திரும்ப ஞானஸ்நானம் எடுக்க வேணும் எண்டு சொந்தக்காரர் சொல்லுகினம், பிள்ளை அழுகுது. என்ன செய்யிறது ரீச்சர்?
வாசகர், பாலையூற்று

பதில்: அண்ணே, முதல்ல அந்தப் பிள்ளையிட்ட அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. தண்ணியால, பிதா சுதன் பரிசுத்த ஆவியின்ர பேரால குடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்ளுது, அதைத் திரும்பக் குடுக்கிறேல்ல. 1982 இல பெரு நாட்டு லீமாவில சபையளெல்லாம் சேர்ந்து எழுதின அறிக்கையிலயும் அது ஒருக்காத்தான் எண்டு இருக்கு. தேவைப்படுறது ஆயரின்ர அனுமதி, அதைப் பங்குப் பாதர் எடுத்துத் தருவார். பிள்ளையளைக் கத்தோலிக்கமா வளர்க்கத் தன்னால ஏலுமானதைச் செய்வன் எண்டு உங்கட மகன்தான் வாக்குக் குடுக்க வேணும், மருமகளுக்கு அது தெரிஞ்சிருந்தாப் போதும், அவ கையெழுத்து வைக்கத் தேவையில்லை. முந்தி மற்றப் பக்கமும் வாக்குக் குடுக்க வேணும் எண்டு இருந்தது, 1970 இல மாத்திப்போட்டினம். சொந்தக்காரர் அந்தப் பழைய காலத்தை வச்சுக் கதைக்கினம் போல.

கலியாணத்தைத் திருப்பலி இல்லாமல் திருமணச் சடங்கா மட்டும் வச்சா நல்லம். இல்லாட்டி ஒரு பக்கத்தார் நற்கருணைக்குப் போக மற்றப் பக்கத்தார் வாங்கிலயே இருக்க வேண்டி வரும், கலியாண நாளில அது வேண்டாம். அந்தப் பிள்ளையின்ர குருவானவரையும் கூப்பிட்டு ஒரு வாசிப்போ செபமோ சொல்லக் கேக்கலாம், பங்குப் பாதரிட்ட முன்கூட்டியே கதையுங்கோ.

கேள்வி: என்னோட வேலை செஞ்ச கிறிஸ்தவ நண்பரின்ர தாய் மவுத்தாகிட்டா. ஆராதனை நேரம் நான் சேர்ச்சுக்குள்ள போகாம வெளிய நிண்டுட்டன், அவருக்கு மனவருத்தமோ தெரியல்ல. உள்ள போயிருக்கலாமா?
வாசகர், கிண்ணியா

பதில்: தம்பி, தாராளமாப் போகலாம், ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம். உங்கட மார்க்கத்தில அதுக்கு என்ன முறை எண்டு உங்கட பெரியவையளிட்டக் கேட்டு நடவுங்கோ, வெளியில நிக்கிறதும் மரியாதைதான், கிறிஸ்தவ வீட்டில அதைப் பிழையா எடுக்கிறேல்ல. உள்ள போனா பின் வாங்கில இருங்கோ, எழும்பேக்க எழும்புங்கோ, செபமும் பாட்டும் நீங்கள் சொல்லத் தேவையில்லை. இப்ப பிந்தவும் இல்லை. ஒரு பின்னேரம் அந்த வீட்டுக்குப் போய் அம்மாவைப் பற்றிக் கொஞ்சநேரம் கதைச்சிட்டு, அவை தாற ரீயைக் குடிச்சிட்டு வாங்கோ.