முதல் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை: அடுத்ததுக்கும் வருமா?

கேள்வி: எனக்கு ஓ பாசிட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். முதல் குழந்தையை மஞ்சள் காமாலைக்காக லைட்டில் வைத்தார்கள். அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். இதற்கும் வருமா? நெகட்டிவ் ரத்தம் இருந்தால்தான் பயம் என்கிறார்களே?
- வாசகி, பெரம்பூர்

பதில்: வர வாய்ப்பு அதிகம்தான். மூத்ததை லைட்டில் வைத்திருந்தால் இளையதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இதைப் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பழைய ஃபைலை யாரும் புரட்டப்போவதில்லை.

நெகட்டிவ் கதை பாதிதான் உண்மை. தாய் ஓ, குழந்தை ஏ அல்லது பி என்றாலும் சிக்கல் வரலாம். தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும், உடம்பை மஞ்சளாக்கும் பிலிரூபின் என்ற நிறப்பொருள் ஏறும். முதல் பிள்ளையிலேயே வரலாம். உங்கள் குழந்தை ஓ ஆகப் பிறந்தால் இந்தத் தொல்லை இல்லை. பி ஆகப் பிறந்தாலும் பெரும்பாலும் லேசாகவே போய்விடும். ஆனால் எதுவென்று முன்கூட்டித் தெரியாதே! அதனால் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் குரூப்பும், தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுவில் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் கூம்ஸ் டெஸ்ட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஜோசியர் குறித்த நேரத்துக்காக 37 வாரம் முடியும் முன்பே சிசேரியனுக்கு அவசரப்படாதீர்கள். நாள் நிரம்பாத ஈரலால் பிலிரூபினைச் சமாளிக்க முடியாது. பால் குடிக்கவும் அந்தக் குழந்தைக்குத் தெம்பு இருக்காது. பால் இறங்காவிட்டால் மஞ்சள் இன்னும் ஏறும்.

அடுத்து கழுதைப்பால். தெருவில் கழுதையை ஓட்டிவந்து, 'ஒரு சங்கு கொடும்மா, காமாலையே வராது' என்பார்கள். பாட்டிமார் காசை எடுத்து நீட்டிவிடுவார்கள். அதனால் பிலிரூபின் துளியும் இறங்காது, காய்ச்சாத பாலில் கிருமிதான் போகும். கீழாநெல்லிச் சாறு, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஜன்னலோர வெயில், ஆஸ்பத்திரி லைட்டுக்கு ஈடாகாது. தாய்ப்பால் மட்டும், நாளுக்கு 8 முதல் 12 தடவை. பாச்சை உருண்டை போட்டு வைத்த மூத்ததின் துணியையும் போடாதீர்கள்; ஜி6பிடி என்ற, சிவப்பணுவைக் காக்கும் என்சைம் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைக்கும்.

மஞ்சள் உச்சத்துக்குப் போவது 3 முதல் 5ஆம் நாளில். நம் ஆஸ்பத்திரிகளோ பேக்கேஜ் முடிந்ததென்று அதற்கு முன்பே பில்லை நீட்டி அனுப்பிவிடுகின்றன! மறுபரிசோதனைத் தேதியை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, வீட்டுக்கு வந்தபின் உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ பக்கத்தில் பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடத்துக்கோ தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.