குரூப்பில் போட்ட ஒரு வரி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். தம்புச் செட்டித் தெருப் பக்கம் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். சேர்ந்து நாலு வருஷம். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் அறிக்கை) போடுவதிலிருந்து எந்தப் பேப்பருக்கு எங்கே சிக்கல் வரும் என்பதுவரை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஃபீல்டு அண்ணன், வெளியே அலைந்து சரக்கை எடுத்துக்கொடுப்பவர். காசிமேட்டுக்காரர், ஐம்பது தாண்டியவர்.

போன மாதம் ஒரு மெஷின் பார்ட்ஸ் கன்டெய்னர் மூன்று நாளாக நகரவில்லை. பார்ட்டி, அதாவது சரக்குக்குச் சொந்தக்காரர், வாட்ஸ்அப் குரூப்பில் சத்தம் போட்டார். முதலாளியும் அதில் இருக்கிறார். பதற்றத்தில் ‘ஃபீல்டுல ஃபாலோ அப் இல்ல சார்’ என்று போட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் முந்தின நாளே கேட்லாக் கேட்டு கஸ்டம்ஸ் அதிகாரியிடமிருந்து க்வெரி வந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. உடனே அப்லோட் செய்தேன், சரக்கும் வெளியே வந்துவிட்டது. ஆனால் ஃப்ரீ டேஸ் (கன்டெய்னருக்குக் கட்டணமில்லாத நாட்கள்) தாண்டி, பார்ட்டியின் கைப்பணம் போனது. க்வெரி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் ‘சாப்ட்டியாமா’ என்பவர் இப்போது ‘மெயில்ல போட்டுடுங்க மேடம்’ என்கிறார். எல்லோருக்கும் டீ வாங்கி வரும்போது என் மேசைக்கு வருவதில்லை. ‘சாரிண்ணா’ என்று மெசேஜ் அனுப்பினேன். ‘பரவால்ல மேடம்’ என்று பதில் வந்தது. நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிவைத்திருக்கிறேன். கொடுக்கலாமா? ராத்திரி தூக்கமில்லை. உறவு கெட்டுவிட்டதா, நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா?

எஸ்., தண்டையார்பேட்டை

அன்புள்ள எஸ்.,

கெட்டுத்தான் போயிருக்கிறது. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் தூக்கம் கெட்டு யோசிப்பது அவர் மனதில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி. நடந்த சேதமோ குரூப்பில் அப்படியே கிடக்கிறது. பார்ட்டியும் முதலாளியும் இந்த நிமிஷம்வரை ‘அந்த ஆள் சரியாக அலையவில்லை, அதனால்தான் பணம் போனது’ என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் தனியாக அனுப்பிய ‘சாரிண்ணா’ அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

க்வெரி வந்தது அண்ணனுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? பில் ஆஃப் என்ட்ரி நம்பரும் தேதியும் கையில் இருந்தால் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் இணையதளத்தில் பில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். உங்களுக்கே தொழில் சொல்லிக்கொடுத்தவர். தன்மேல் பழி விழுந்த அன்று அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் எதற்கு சாரி என்று சொல்லாத உங்கள் மெசேஜ் அவருக்கு எப்படிப் பட்டிருக்கும்? ‘விஷயத்தை மூடிவிட்டு என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறாள்’ என்று. ‘பரவால்ல மேடம்’ அதற்கு வந்த பதில்.

அவர்மேல் சொன்ன குற்றம், அவரால் செய்யவே முடியாத வேலையைப் பற்றியது என்பதையும் கவனியுங்கள். என் சித்தப்பா ஒருவர் இதே தொழிலில் இருந்தார். அவர் காலத்தில் ஃபீல்டு ஆள் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுசில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய் நிற்பார், சந்தேகம் கேட்டால் அங்கேயே பதில் சொல்வார். முகமறியா மதிப்பீடு (எந்த ஊரிலோ இருக்கும் அதிகாரி ஆன்லைனிலேயே பில்லைச் சரிபார்ப்பது) வந்தபிறகு அது போயிற்று. 2020 ஜூன் 8 அன்று அது முதலில் தொடங்கியதே சென்னையிலும் பெங்களூரிலும்தான். தொடங்கிய சரக்குகளும் சுங்கவரி அட்டவணையின் 84, 85 அத்தியாயத்து இயந்திரங்களும் மின்சாதனங்களும்தான். அக்டோபர் 31க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. உங்கள் மெஷின் பார்ட்ஸ் பில்லைப் பார்த்த அதிகாரி எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாரோ! அவர் கேட்ட கேட்லாக்கை இ-சஞ்சித்தில் (பேப்பர்களை ஏற்றும் கஸ்டம்ஸ் ஆன்லைன் வசதி) ஏற்ற வேண்டியது உங்கள் மேசை. அண்ணன் வேலை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்: சரக்குப் பரிசோதனை, அவுட் ஆஃப் சார்ஜ் என்கிற கஸ்டம்ஸ் விடுவிப்பு, கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டர், வண்டி. க்வெரிக்குப் பதில் போகாதவரை அவர் எந்த வாசலில் போய் நின்றாலும் பில் நகராது. இது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பார்ட்டிக்குத் தெரியாது.

இங்கே எனக்குக் கொஞ்சம் கோபமும் வருகிறது, சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் குரூப் என்பது டைப் அடிக்கிறவர்களின் இடம். மேசையில் இருக்கிறவர் ஒரு வரி போட்டால் அதுவே நடந்ததாகிவிடும். மணலியிலோ மாதவரத்திலோ சி.எஃப்.எஸ். என்கிற கன்டெய்னர் கிடங்கு வாசலில் டிரைலர் வரிசைக்கு நடுவே நிற்பவர் எப்போது அதைப் படிப்பது, எப்போது பதில் அடிப்பது? அதிலும் காசிமேட்டு ஆள் வேலையில் அசட்டை என்று ஒருவர் சொன்னால், விசாரிக்காமலே நம்புவதற்கு நம் ஊரில் எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்பது தண்டையார்பேட்டைக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் வரியை அன்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை, இல்லையா?

சரி, இனி செய்ய வேண்டியது. நாலு பக்கக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். அதைப் படித்தால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். ‘விடுமா, இதுக்குப் போய் அழுவியா’ என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். பழியும் வாங்கி, பழி போட்டவருக்கு ஆறுதலும் சொல்ல வேண்டுமென்றால் எப்படி?

முதலில் முதலாளியிடம் நேரில் சொல்லுங்கள். குரூப்பில் பார்ட்டி இருக்கிறார். தவறு ஏஜென்ட் பக்கம் என்று தெரிந்தால் அந்தப் பணத்தை உங்கள் ஆபீசிடம் கேட்கலாம். அதனால் முதலாளிக்குத் தெரியாமல் அங்கே எதையும் போடுவது நியாயமில்லை. திட்டு விழும். அதற்கு மேலும் ஏதாவது வரலாம், வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அவர் சம்மதித்தால் குரூப்பில் இவ்வளவு போதும்: ‘அந்தக் கன்டெய்னர் தாமதமானது ஃபீல்டு பக்கத்தில் அல்ல. க்வெரி வந்ததை நான் ஒரு நாள் கவனிக்கவில்லை. அண்ணனைப் பற்றி நான் எழுதியது தவறு.’ பதற்றம், வேலைப் பளு, உடம்பு சரியில்லை எல்லாம் வேண்டாம்.

பார்ட்டியிடம் சொல்ல வேண்டாம் என்று முதலாளி தடுக்கலாம். வியாபாரத்தில் தடுப்பார்கள்தான். அப்போது ‘ஃபீல்டு மேல் தப்பில்லை’ என்பதை மட்டுமாவது அவரே பார்ட்டியிடம் சொல்லும்படி கேளுங்கள். அண்ணன் எதிரிலேயே முதலாளியிடம் நடந்ததைச் சொல்லவும் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். இதில் இறங்கிவராதீர்கள்.

அண்ணனிடம் தனியாக இரண்டு வாக்கியம். ‘க்வெரி என்கிட்டதான் கிடந்ததுண்ணா. முதலாளிகிட்ட சொல்லிட்டேன்.’ அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள்.

‘மெயில்ல போட்டுடுங்க’ என்பதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாய்ப்பேச்சை நம்பி ஒரு முறை மாட்டியவர் இனி எழுத்தில் கேட்கிறார், நியாயம்தானே. கேட்டபடி போடுங்கள். க்வெரி வந்தால் வந்த உடனே அவருக்கும் ஒரு நகல் போகட்டும். டீ திரும்ப வருமா என்றால், வராமலும் போகலாம். நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தவர் இனி வேலைக்கு மட்டும் பேசினாலும் அது அவர் உரிமை. அதற்காகத் தனியாக ஒன்றும் செய்யாதீர்கள், ஸ்வீட் பாக்கெட் வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

திங்கட்கிழமை முதலாளி வந்ததும் போங்கள். க்வெரி வந்த தேதியும் நீங்கள் பதில் போட்ட தேதியும் தெரிகிற மாதிரி ஒரு பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.